எடைமேடையில் ஒரு வாக்கியம்

வெள்ளக்கல்பட்டி தாண்டி
எங்கள் எடைமேடை.
லாரி ஏறும், முள் நடுங்கும், நான் எழுதுவேன்:
பதினாலு டன் முந்நூற்றிருபது. மேக்னசைட்.
பத்து வருஷம் எழுதிய பிறகுதான் தெரிந்தது
அது கிரேக்கத்து ஊர்ப்பேரில் பிறந்த சொல் என்று.
சரி, வந்தவரை விசாரிப்போம் என்று
தொடங்கியதுதான்.

வாசிப்பது பெரிய பாடில்லை.
எழுதுவதுதான்.
பாடப்புத்தகம் தளபதியை ஆற்றைக் கடக்கச் சொல்கிறது;
எனக்குத் தெரிந்த ஆறு திருமணிமுத்தாறு.
அதைக் கடக்க மூக்கைப் பொத்தினால் போதும்,
தளபதி வேண்டாம்.

ஆகவே லாரியை எழுதினேன்.
லாரிக்குச் சொல் இல்லை, மாட்டுவண்டி என்று வைத்தேன்.
டீசலுக்கு எண்ணெய்.
ஓனருக்கு, கொஞ்சம் யோசித்து, கொடுங்கோலன்.

நோட்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறும்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே
கான்வென்ட்டில் கணக்கு நடத்துகிற பிளாவியா,
என்னோடு தொடங்கி என்னைவிட நாலு பாடம் முந்தியவள்,
பச்சை மையில் திருத்தி
வியாழக்கிழமை வண்டியில் இறக்கிவிடுவாள்.
ஓரத்தில் சில சமயம் மிளகு வாசம், சில சமயம் திட்டு.

"வாக்கியமெல்லாம் ஜல்லி மாதிரி கொட்டிக் கிடக்கிறது.
அவர்கள் ஒவ்வொன்றையும்
முந்தியதன் தோளில் கை போட்டு அனுப்புவார்கள்:
மென், தெ, கார்.
உன் கை எங்கே?"

ஒன்று மட்டும் எனக்குத் தானாக வந்தது.
எழுந்து, குளித்து, டிபனை மறந்து, பஸ்ஸைப் பிடித்து,
புழுதி விழுங்கி, உட்கார்ந்தேன்:
எச்சம் எச்சமாக அடுக்கிப் போய்க் கடைசியில் ஒரு முற்று.
அதற்கு 'நன்று' போட்டாள்.

லோடு ஏற்றும் சித்தையனை
நாலு வேற்றுமையில் எழுதிக் காட்டினேன்.
"என் பேருக்கு இத்தனை வாலா" என்று சிரித்தார்,
சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.
உயிரெழுத்தின் தலையில் ஒரு கொக்கி போடவேண்டும்;
ஒரு பக்கம் வளைந்தால் மென்மூச்சு,
மறுபக்கம் வளைந்தால் வன்மூச்சு.
மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.
படியில் உட்கார்ந்து அவர் மூச்சு வாங்கிய அன்றிலிருந்து
தவறியதில்லை.

போன வெள்ளிக்கிழமையிலிருந்து ஆள் வரவில்லை.
மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி என்றார்கள்.

அன்று எழுதினேன்:
'இந்த வெள்ளைக் குன்றை
நான் எழுதிக்கொள்கிறேன்.'
செய்வினையும் இல்லாத செயப்பாட்டுவினையும் இல்லாத
நடு வினை ஒன்று உண்டு அவர்களுக்கு.
நம் 'கொள்' மாதிரியே என்று
எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வியாழன், பச்சை மை:
"இலக்கணம் சரி. பொருள் போயிற்று.
ஏதென்ஸில் இந்த வினையை இப்படி வைத்தால்
வழக்குத் தொடுக்கிறேன் என்று ஆகும்.
குன்றின் மேலா வழக்கு?
திருத்து."

மதியம் வெடி வைத்தார்கள்.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.
பேனாவை எடுத்தேன்.
இரண்டாம் வேற்றுமையில் நின்ற குன்றை அடித்துவிட்டு
அந்த இடத்தில் கொடுங்கோலனை நிறுத்தினேன்.
வினையைத் தொடவில்லை.

லாரி ஏறியது.
பன்னிரண்டு டன், அறுநூற்று நாற்பது.