பனி டயரின் விலை

பனிக்கால டயர் வாங்க வைத்திருந்த பணத்தில்
கையளவு எஃகும் ஒரு தீட்டுக்கல்லும்
வாங்கி வந்தான் இவாவோ.
ஆற்றுமணலின் இரும்பை உருக்கி எடுத்ததாம்.
எனக்கு அது
தீய்ந்துபோன அப்பளம்போல் இருந்தது.

அன்று நிறுத்தினேன் பேச்சை.

நாகாவோகாவில் டிசம்பர்.
காரை வெளியே பனிக்குக் கொடுத்துவிட்டு
கொட்டகைக்குள் உலை மூட்டினான்.
பகலெல்லாம் பேருந்துகளின் பிரேக் பார்ப்பவன்
இரவில் சவரக்கத்தி அடிக்கிறான்,
சவரம் செய்து பிழைப்பவளிடம்
ஒரு வார்த்தை கேட்காமல்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
என் கடையில் ஒரு முகத்துக்கு ஒரு பிளேடு.
முடிந்ததும் டப்பாவில் போட்டாக வேண்டும்.
உன் கத்தி உட்கார
அங்கே நாற்காலி இல்லை.

குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டினேன்:
மண்ணெண்ணெய் தீர்ந்தது.
அடியில் அவன் கையெழுத்து:
சரி.

தெராதோமாரி துறைமுகத்தில் எடைக்கு வாங்கிய
நங்கூரச் சங்கிலியிலிருந்து ஒரு கண்ணி.
அந்த மெத்தென்ற இரும்பின் முதுகில்
இந்தக் கடுத்த எஃகை வைத்து
வெண்காரம் தூவி, பழுக்கவைத்து, அடித்தான்.
ஒட்டவில்லை.
இதை நான் உவமையாக்கப் போவதில்லை.

இரண்டாவது கத்தி தண்ணீரில் இறங்கியதும்
'டிங்' என்றது.
சமையலறைச் சுவர் தாண்டிக் கேட்டது எனக்கு.
கோமுரோ வீட்டு நாய்கூடக் குரைத்தது.
மூன்றாவது
சாணைச் சக்கரத்தில் நீலம் பாரித்துச் செத்தது.

நான்காவதின் இரவில்
மண்ணெண்ணெய் எடுக்கப் போனேன்.
(அதற்காகத்தான் போனேன்.)
விளக்கை அணைத்துவிட்டு
நெருப்புக்கு முன் குனிந்திருந்தான்.
களிமண் பூசிய கத்தி
கரிக்குள் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

"கதவைச் சாத்து. வெளிச்சம்."

இருபத்திரண்டு நாளில் முதல் பேச்சு.
சாத்தினேன்,
உள்ளே நின்றபடி.

இருட்டில் இருக்கிற ஒரே பொருள்
அந்தச் சிவப்புதான்.
கருஞ்சிவப்பு, பிறகு
கிளையிலேயே விட்டுவைத்த பெர்சிமன் பழத்தின் சிவப்பு.
இடுக்கி நகர்ந்தது.
தண்ணீர் ஒருமுறை கத்தி ஓய்ந்தது.
இருவரும் காது கொடுத்தோம்,
கேட்கக் கூடாத ஒன்றுக்காக.

நாய் குரைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து
கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான்,
இரு பக்கமும் சமமாக.
பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.
பிடுங்கினேன்.
ஒருபுறம் பத்து இழுப்பு, மறுபுறம் மூன்று.
பிளேடுகளின் காலத்துக்கு முன்
என் கை கற்றது,
கை மறக்கவில்லை.
கல்லின் சேறு கறுத்தது.
முன்கை மயிரில் வைத்தேன்,
தொடுமுன்னே விழுந்தது.

இனிப் பதம் பார்க்க வேண்டும்.
யார் கழுத்தில்?

பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.
வெந்நீர்த் துண்டு. நுரை.
தலையைப் பின்னால் சாய்த்து
குரல்வளையை மேலே தூக்கிக் காட்டினான்,
டயர்ப் பணத்தைக் கரியாக்கியவன்,
கோபம் இன்னும் ஆறாத என் கைக்கு.
கண்ணை மூடவில்லை.
அது துணிச்சலா, ஆவலா,
இன்றுவரை தெரியாது.

காதோரத்தில் தொடங்கினேன்.
வழித்த இடமெல்லாம்
முப்பது வருடம் இளைய தோல்.
தாடைக்கு வந்ததும் சொன்னேன்:
"இழுக்கிறது."
உதடு அசையாமல் கேட்டான்:
"எங்கே?"
"முனையில். அரிசியளவு.
மறுபடி கல்லுக்குப் போகணும்."
"ம்."
அந்த 'ம்' போல நிம்மதியான ஒன்றை
அவன் வாயிலிருந்து கேட்டதில்லை நான்.

மறுநாள் விடியலில்
பழைய டயருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான்,
முழங்கால் பனியில்.
மழித்த கன்னத்தில் தூவிய பனி
நிற்க இடமின்றி வழுக்கிற்று.
தாடையில் ஒரு சின்னக் கீறல்.
வேண்டுமென்று செய்ததில்லை.

அனேகமாக.