ஜவ்வரிசி மூட்டைமேல் ஆம்ப்

போன வாரம் செவ்வாய்ப்பேட்டைக் கல்யாண மண்டபம்.
ஆம்பை மூலையில் வைத்தோம், வேறு இடமில்லை.
ஏ கம்பியை மீட்டினால்
பந்தியில் எவர்சில்வர் டம்ளர்கள் நடந்தன.
பொன்னுக்கு வீங்கியவன் பேசுவதுபோல்
ஒவ்வொரு சுரமும் அடுத்ததன்மேல் சாய்ந்தது.
மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து
"அந்த இடியை மட்டும் நிறுத்துங்கம்மா" என்றார்.
இடி நான்தான்.

இன்று ஏற்காட்டில், கோடை விழா மேடையில்,
இடியே இல்லை.
சுவர் இல்லை, கூரை இல்லை,
ஏரி, அதற்கப்பால் சில்வர் ஓக், அதற்கப்பால் பனி.
மீட்டியது திரும்பி வரவில்லை.
இருபது கொண்டை ஊசி வளைவையும்
பிரேக் பிடிக்காமல் இறங்கி
சேலத்துக்கே போயிருக்கும்.

மேடை மட்டும் உறுமியது.
ஒட்டுப்பலகை, அடியில் வெற்றிடம், பெரிய உடுக்கை.
வேனில் எங்கள் கடைச் சரக்கு இரண்டு மூட்டை,
ஒண்டிக்கடை மளிகைக்குப் போக வேண்டிய ஜவ்வரிசி.
ஆம்பைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தேன்.
உறுமல் நின்றது.
"பாயசத்துக்குள்ள வாசிக்கப் போறியா?" என்றான் எபினேசர்,
டிரம் குச்சியால் முதுகைச் சொறிந்தபடி.

அறுபதடி கேபிள் வைத்திருக்கிறேன், இதற்காகவே.
கிட்டாரோடு படியிறங்கி
காலி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வாசித்தேன்.
மேடையில் நின்றே தன் ஒலியைச் சரிசெய்வது
கண்ணாடி பார்க்காமல் பொட்டு வைப்பது.
பன்னிரண்டாம் வரிசையில் என்னைக் காணோம்.
கீபோர்டில் திலோத்தமாவின் இடது கை
என் இடத்தில் உட்கார்ந்திருந்தது.
அவளிடம் சொல்லப் பயந்து நானே நகர்ந்தேன்.

பேஸ் குமிழைக் கூட்டவில்லை, குறைத்தேன்.
இது புரிய எனக்கு நாலு வருஷம் ஆனது.
மிடிலை ஏற்றினேன்,
ஜலதோஷக்காரன் குரலாகும் வரை.
தனியாகக் கேட்டால் அசிங்கம்.
எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது
அந்த மூக்குதான் ஆளை அடையாளம் காட்டும்.

காலடியில் மூன்று பெடல்.
கம்ப்ரெஸர்: என் விரல்களின் கோபத்தையும் சோர்வையும்
ஒரே உயரத்துக்கு வெட்டும் வேலிக்கத்தரி.
டிஸ்டார்ஷன்: கால்வாசிதான்.
மீதி சுத்தமாகக் கூடவே ஓட வேண்டும்,
இல்லையென்றால் அடி கழன்றுவிடும்.
ஆக்டேவர்: ஆசைக்கு வாங்கியது.
ஒரே பாட்டுக்கு, அதிலும் இரண்டு வரிக்கு.
பதினோராயிரம் கொடுத்ததை
வீட்டில் ஐந்து என்று சொல்லியிருக்கிறேன்.

சீரியல் லைட் எரிந்ததும் ஒரு ரீங்காரம்.
ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்து
கடைசியில் டிஐ பாக்ஸின் கிரவுண்ட் சுவிட்சில் அடங்கியது.
மிக்ஸரிலிருந்து முபாரக் கட்டைவிரல் உயர்த்தினான்.
அதற்குப் பிறகு
என் ஃபேடரை அவன் தொடவேயில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டரை மணி நேரம்.
குளிரில் சுருதி நழுவ, பாட்டுக்குப் பாட்டு திருகினேன்.
முன்வரிசை பாடகரைப் பார்த்தது,
பின்வரிசை மிளகாய் பஜ்ஜியை.

கேபிள் சுருட்டும்போது
மேடைக்குப் பின்னாலிருந்து ஜெனரேட்டர்காரர் வந்தார்.
மஃப்ளருக்குள் முகம். வெள்ளையன், பட்டிப்பாடியாம்.
"பாட்டு ஒண்ணும் இந்தப் பக்கம் வரலைங்க.
உங்க தும்தும் மட்டும்தான் வந்துது, ராத்திரி பூரா."

எப்படி இருந்துச்சு என்றேன்.
யாரிடமும் கேட்டதில்லை இதுவரை.

"நல்லாத்தான் இருந்துச்சு. அந்த ஆறாவது பாட்டுல
ஒரு எடத்துல மட்டும் கால் தடுக்கிட்டீங்க."

தடுக்கினேன்.
எபினேசருக்குத் தெரியாது, திலோத்தமாவுக்குத் தெரியாது.
சரணம் திரும்பும் இடம்,
ஜி-க்குப் பதில் எஃப் ஷார்ப்.

ஆம்பை இறக்கியபோது
அதன் நாலு ரப்பர் கால்களும்
மூட்டையில் பள்ளமாகப் பதிந்திருந்தன.
கையால் தட்டிச் சமன்செய்து
காலையில் ஒண்டிக்கடையில் சேர்த்தோம்.