கடைமடைக்கு வந்து சேர்வது

செவ்வாய்க்கிழமை, சந்தை நாள்.
ஆடுகள் கத்துகிற சத்தத்துக்கு நடுவில்
மேலப்பாளையத்திலிருந்து ருகையா போனில்:
"ஸ்கிரீன் கருத்துப்போச்சுண்ணே.
மூலையில ஒரு வரி நிக்குது,
இந்த நகல் உண்மையானதல்லன்னு.
நாலு வருசமா நிக்காஹ் பத்திரிகை அடிச்ச பொறவு
இப்பம் வந்து சொல்லுது.
உங்க லினக்ஸ்ல ஒண்ணு சொல்லுங்க."

ஒண்ணு.
நான் ஏழு சொன்னேன்.

வண்ணார்பேட்டை லாரி ஆபீசில்
பில் தட்டுகிறவன் நான்.
பதினோரு வருசத்தில்
பதினாறு முறை வீடு காலி செய்திருக்கிறேன்,
எல்லாம் ஒரே மடிக்கணினிக்குள்.
வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது,
அதனாலேயே எங்கும் நிலைக்கவில்லை.
பால் காய்ச்சின மணம் அடங்குமுன்
அடுத்த வீட்டுச் சாவி பென்டிரைவில் தயாராக இருக்கும்.

விளக்கத்தில் மட்டும் குறை வைக்கமாட்டேன்.
"கேளு ருகையா,
பாபநாசத்துல அணை இருக்குல்லா, அது டெபியன்.
லேசுல திறக்கமாட்டான்,
திறந்தா தண்ணி தெளிவு.
அதுலேர்ந்து பிரியிற கால்வாய் உபுண்டு.
கால்வாய்ல மடை வச்சு வாங்கினா மிண்ட்.
ஆர்ச்சுன்னா ஆத்துலயே நேரா இறங்குறது,
தினமும் புதுத்தண்ணி.
மார்கழியில கரை எங்கேன்னு கேக்கப்படாது."

சொன்னபோது எனக்கே பிடித்திருந்தது.
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் ஆடுகள் மட்டும்.
"ஏழு சொன்னா ஒண்ணும் சொல்லலைன்னுதான்ணே அர்த்தம்.
நான் கடைமடைக்காரி.
ரெண்டு ஜிபி ரேம், பழைய பிரிண்டர்.
எங்கேர்ந்து வந்தாலும் சரி,
எனக்கு வந்து சேருமா?"

மூன்று பென்டிரைவில் மூன்றை எழுதி,
பீடி இலை மூட்டையோடு போன ஆட்டோவில் கொடுத்துவிட்டேன்.
"பதிய வேண்டாம், மாட்டி ஓட்டிப் பார்"
என்று ஒரு துண்டுச் சீட்டு.

அவள் பார்த்த விதம்
என் ஏழிலும் இல்லை, பதினாறிலும் இல்லை.
ஒரே தாளில்
வலமிருந்து வருகிற பிஸ்மில்லாவும்
இடமிருந்து போகிற தமிழும்
முட்டிக்கொள்ளாமல் இருக்கவேண்டும்.
தமிழுக்குச் சோதனையாக
கைக்கு வந்த பெயரை அடித்தாளாம்:
கொம்பையா.

என் பெயர்தான்.

முதலாவதில் வைஃபை தெரியவே இல்லை.
இரண்டாவதை அச்செடுத்து
படம் பிடித்து அனுப்பியிருந்தாள்.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் ககரம் நின்று முழிக்கிறது.
காலுக்கு முன்னால் புள்ளிபுள்ளியாய் ஒரு வட்டம்,
யாரோ விழுந்த இடத்தைச்
சாக்பீசால் வரைந்துவைத்ததுபோல.
முப்பத்தொன்பது வருசம் இந்தப் பெயரில் இருக்கிறேன்.
இப்படி உதிர்ந்து பார்த்ததில்லை.

மூன்றாவதற்குப் படம் வரவில்லை.
ஞாயிறு போனது. திங்கள் போனது.
மறுபடி சந்தை நாளில் நானே கூப்பிட்டேன்.
"வேலை ஓடுதுண்ணே, பொறவு பேசுதேன்."
"எதைப் போட்டே, அதையாவது சொல்லு."
"பேரு யாருக்குத் தெரியும்?
பச்சையா இருக்குமே, அது."

நான் கொடுத்ததில் இரண்டு பச்சை.

அதன்பிறகு அவள் கூப்பிடவே இல்லை.
கூப்பிடாதது நல்ல சேதி என்று
இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்,
ஆனாலும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மாசக் கடைசியில் அதே ஆட்டோவில்
மூன்று பென்டிரைவும் திரும்பி வந்தன,
கல்யாணப் பத்திரிகை உறை ஒன்றுக்குள்.
உறைமேல் பச்சை மையில் பெயர்.
கொம்பும் காலும்
ககரத்தின் இரண்டு தோளிலும் கைபோட்டு நின்றன.

அன்று ராத்திரி அவற்றில் ஒன்றை அழித்து
புதிதாக வந்த ஒன்றை இறக்க ஆரம்பித்தேன்.
எழுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
டார்ச்சை அடித்து
உறையை இன்னொரு தடவை வாசித்தேன்.
சரியாகத்தான் இருந்தது.