எர்த் கம்பி

இருபத்தொன்பதாம் தெருவில்
மாடிப்படிக்கு அடியில் என் கடை.
நிமிர்ந்தால் தலை இடிக்கும்.
குனிந்தேதான் இன்வெர்ட்டர்களைப் பிரிக்கிறேன்.
யாரையோ கும்பிடுகிறாள் என்று
நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

ஒன்பதுக்குக் கரண்ட் போகும், ஒன்றுக்கு வரும்.
மறுநாள் தலைகீழ்.
அதற்கு மறுநாள் மின்வாரியத்துக்கே தெரியாது.

யாங்கோனில் மின்விசிறி நின்றால் வாய் சுற்றும்.
பணம் மாற்றும் காசிம் மரைக்காயர்
அமெரிக்காவின் ஏழு மாநிலங்களை
விரல் மடக்கி எண்ணுகிறார்.
"ஜார்ஜியா போச்சுன்னா அவ்வளவுதான்."
செய்தி எந்தச் சந்து வழியாக
அவர் கைப்பேசிக்குள் வருகிறது என்று
நாங்கள் கேட்பதில்லை.
டீ ஆற்றிக்கொண்டே சவரியம்மா:
"அது போனா டாலர் ஏறுமா இறங்குமா,
அதைச் சொல்லும் முதல்ல."

அங்குசாமிக்குப் பள்ளிக்கூடத்தில் ஆங் சோ என்று பெயர்.
சீனத்து லித்தியம் பெட்டி விற்கிறான்.
ஆறாயிரம் தடவை ஏற்றி இறக்கலாமாம்,
பத்து வருஷம் உத்தரவாதமாம்.
பத்து வருஷம்!
இந்தத் தெருவில் அந்தச் சொல்லைக் கேட்டு
இருமாதவர் இல்லை.
அவனுக்கு உலக அரசியல் என்றால்
மூசே எல்லைப் பாதை
திறந்திருக்கிறதா இல்லையா, அவ்வளவே.
பாதை மூடினால் அவன் விலை ஏறும்,
திறந்தால் முகம் வாடும்.

ஒருநாள் மரைக்காயர் வாசித்தார்:
ஏதோ ஒரு நாட்டில்
ராத்திரி போட்ட உத்தரவை
விடிவதற்குள் எம்.பி.க்கள் சுவரேறிக் குதித்து
ரத்து செய்துவிட்டார்களாம்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
சவரியம்மாவின் கரண்டி மட்டும்
டம்ளரில் கொஞ்சம் அதிக நேரம் சுற்றியது.

இன்று, எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போதே
வார்டு ஆபீஸ் கோ தூரெய்ன் வந்தான்.
கக்கத்தில் வீட்டுப் பட்டியல்.
நெவாடா பாதியில் நின்றது.
"நேத்து நூத்தி அறுபது வோல்ட்டுதான்" என்றார் மரைக்காயர்.
"மோட்டார் எரிஞ்சுபோகும்" என்றான் அங்குசாமி.
என் சுண்டு விரலைப் பார்த்தேன்.
மை பூசிய இடத்தில்
இப்போது ஈயம் சுட்ட தழும்பு.

ஆனால் பட்டியலுக்கு மேலே அவன் சுமந்து வந்தது
ஒரு ஸ்டெபிலைசர்.
தொட்டால் அம்மாவுக்கு ஷாக் அடிக்கிறதாம்.
அவன் வீட்டிலும் ஒன்பதுக்குப் போய் ஒன்றுக்குத்தான் வருகிறது.
முக்காலியில் உட்கார்ந்தான்,
தெருவைப் பார்த்தான், பிறகு மெதுவாக
எங்கள் தெருத் தமிழில் கேட்டான்:
"ஜார்ஜியா என்னாச்சு?"

மரைக்காயருக்கு அரை நிமிடம் ஆனது.
"இன்னும் எண்ணுறாங்க தம்பி."

ஒருவழியாகக் கரண்ட் வந்தது.
பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு
எல்லோரும் படியேறி ஓடினார்கள், அவனும் ஓடினான்.
நான்கு மணி நேரத்துக்குள்
மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்றியாக வேண்டும்.
ஆறு மோட்டார் ஒன்றாக உறும,
என் விளக்கு மங்கியது.

இந்தக் கட்டடத்தில் எர்த் கிடையாது.
பிளக்கில் மூன்றாவது ஓட்டை வெறும் அழகுக்கு.
கம்பியை மண்ணில் இறக்குங்கள் என்பேன்.
நாலாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவது?
கசிவது தகரத்திலேயே காத்திருக்கும்,
தொட வருகிறவருக்காக.
பேச்சை மட்டும் நாங்கள்
எப்படியோ ஜார்ஜியா வரை கம்பி இழுத்து
இறக்கிவிடுகிறோம்.

தொழில் பழகும்போது முதலில் பழகியது:
உள்ளங்கையால் தொடாதே,
பிடித்துக்கொள்ளும்.
புறங்கையால் தொடு, தானே உதறிவிடும்.

அவன் ஸ்டெபிலைசரைச் சொருகிப்
புறங்கையால் தொட்டேன்.
சுருக்கென்றது.

ரசீதில் பர்மீய எழுத்தில்
வட்ட வட்டமாக எழுதி வைத்தேன்:
பெட்டியில் பழுதில்லை.
கசிவு வீட்டிலிருந்து வருகிறது.