எண்ணெயின் வயது

என் வேலை கதவு தட்டுவது.
பெயர் அட்டையில் அதற்கு
இரண்டு வரி நீளத்தில் ஒரு பதவி உண்டு.
கென்ட் ரிட்ஜ் மேட்டில்
குளிர்ந்த நடைபாதை நெடுக
"கட்டுரைத் திருத்தம் இருக்கிறது, அடுத்த மாதம் பார்ப்போம்"
என்று சொல்லும் கதவுகள்.

முனைவர் யாழரசி கதவைத் திறந்தே வைத்திருப்பார்.
தட்ட ஒன்றுமில்லாத இடத்தில்
எனக்குக் கை கால் ஓடாது.
மேசைமேல் ஒரு தாள் துண்டு,
கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது.
பொரித்த எண்ணெயில் நனைத்தால்
மஞ்சள், செம்மஞ்சள், பிறகு
யாரும் பெயர் வைக்காத ஒரு பழுப்பு.
பழுப்பென்றால் எண்ணெய் கெட்டுவிட்டது.

நான்காண்டு உழைப்பு. ஆறு கட்டுரைகள்.
நூற்றுப் பதினெட்டுப் பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள்.
"அவர்களில் எத்தனை பேர் வடை சுடுகிறார்கள்?"
கேட்டுவிட்டேன்.
வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதது
இந்த வேலைக்கு ஒரு தகுதி.

அவர் சிரிக்கவில்லை.
"விலைச்சீட்டு ஒட்டிய அன்றைக்கே
கேள்வி செத்துப்போகும், மாறன்."
மறுக்க என்னிடம் சரக்கில்லை.
நான் கைபிடித்து நடக்கவிட்ட ஏழு நிறுவனங்களில்
நான்கு இப்போது இல்லை.
ஒன்றின் பெயர்ப்பலகை
என் வீட்டுக் காப்பறையில்
அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கிறது.
அதையும் சொன்னேன்.
அதன் பிறகுதான்
அவர் கைப்பையை எடுத்தார்.

கிளமெண்டி உணவங்காடி, பிற்பகல் மூன்றரை.
மழைக்கு முந்திய புழுக்கம்.
வாழைப்பழம் பொரிக்கும் சுஹைமி
கரண்டியில் எண்ணெய் மொண்டு ஆறவைத்துத் தந்தார்.
யாழரசி தாளை நனைத்தார்.
பழுப்பு.

சுஹைமி தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
வரிசையில் நின்ற பள்ளிச் சீருடைகளைப் பார்த்தார்.
"என் எண்ணெய் மோசம் என்று
என் வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லும் சாமானை
நானே காசு கொடுத்து வாங்க வேண்டுமா?"

யாழரசியின் காது மடல் சிவந்தது.
நான் கோப்பி வாங்கப் போகிறவன்போல்
இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

சுஹைமி பழத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பேசினார்:
"கெட்ட பிறகு சொல்ல என் மூக்கு போதும்.
இன்னும் எத்தனை சட்டி தாங்கும்?
காலையிலேயே சொல்லுமா அது?
ஈரப்பழம் போட்டால் ஒரு கணக்கு,
மரவள்ளி போட்டால் வேறு கணக்கு.
ஒரு டின் எண்ணெய் விலை தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.
இருவருக்கும் தெரியாது.

மழை பிடித்துக்கொண்டது.
யாழரசி என் சட்டைப் பையிலிருந்து
பேனாவை உருவினார், கேட்காமலே.
பழம் பொதிந்து தந்த தாளில்
'ஈரம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு.
"நாங்கள் எல்லாவற்றையும்
காய்ந்த எண்ணெயில்தான் சோதித்தோம்" என்றார்,
என்னிடமா சட்டியிடமா தெரியவில்லை.
எந்த இதழின் எந்த மதிப்பீட்டாளரும்
கேட்காமல் விட்ட ஒன்று.

கேள்வி சாகவில்லை.
குட்டி போட்டிருந்தது.

இதை வெற்றிக்கதை என்று
ஆண்டறிக்கையில் போடமாட்டேன்.
காப்புரிமை விண்ணப்பம் வழக்கறிஞர் மேசையில் தூங்குகிறது.
முதலீடு கேட்டுப் போன இரண்டு இடங்களிலும்
குளிர்ந்த தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.
சுஹைமி மட்டும் வாரம் தவறாமல்
பழைய எண்ணெயைப் புட்டியில் ஊற்றி,
நாளும் நேரமும் எழுதி ஒட்டித் தருகிறார்.
அவர் கையெழுத்து
என் ஆய்வு மாணவர்களுடையதைவிடத் தெளிவு
என்கிறார் யாழரசி.

செவ்வாய்தோறும் ஆய்வுக்கூடத்தில் சட்டி ஏறுகிறது.
மாடி முழுக்கப் பொரித்த பழ வாசம்.
போன வாரம்
பதினோரு மாதமாக அடுத்த மாதம் வரச் சொன்ன
பேராசிரியர் க்வேக்
மூக்கை முன்னால் விட்டு வெளியே வந்தார்:
"என்ன நடக்கிறது அங்கே?"

நான் தட்டவே இல்லை.