பக்கத்துப் பல்லைப் போல

அபு ஷகாராவில், பழைய கார் விற்கும் கடைகளுக்கு மேலே
எங்கள் லேப். ஜன்னல் கிடையாது.
நிறம் பார்க்க மொட்டைமாடிக்குப் போகவேண்டும்,
அதுவும் காலை ஏழரைக்குள்.
பிறகு ஷார்ஜா வெயில்
எல்லாப் பல்லையும் ஒரே வெள்ளையாக்கிவிடும்.
புழுதிக்காற்று அடிக்கும் நாளில்
எல்லார் பல்லும் காவி.

முகங்கள் எங்களிடம் வருவதில்லை.
பைஜுவின் பைக் பெட்டியில் வாய்கள் வரும்,
ஈரத்துணி சுற்றிய பச்சை அச்சுகளாக.
கூடவே ஒரு சீட்டு: எண், வயது, ஆணா பெண்ணா, என்றைக்கு வேண்டும்.
அல்ஜினேட் எதையும் மறைக்காது.
குமட்டியவரின் அண்ணம்,
ஏதோ சொல்ல மூடப்பார்த்த உதடு,
ஒருமுறை ஒரு சோம்பு.

தங்கை கல்யாணப் பத்திரிகையில்
என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுவிட்டார்கள்.
திருத்தச் சொன்னேன்.
அச்சடித்தாயிற்று என்றார்கள்.

சென்னையில் முதல் வருடம்
சோப்புக்கட்டியில் பல் செதுக்கினோம்.
மார்க் போட்டுத் திருப்பித் தந்த கடைவாய்ப்பல்லை
விடுதியில் தேய்த்துக் குளித்தோம்.
முகடும் பள்ளமும் முதுகில் கரைந்தன.
பல்லில் நேர்கோடே கிடையாது என்பதைக்
கை தெரிந்துகொண்டது அப்படித்தான்.
இங்கே உரிமத் தேர்வில் அதைக் கேட்கவில்லை,
உலோகம் எத்தனை டிகிரியில் உருகும் என்று கேட்டார்கள்.

நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
ஆண், முப்பத்தெட்டு. மேல்வரிசையில் முன்பல் ஒன்று.
அடியில் டாக்டர் நிஸாரின் அவசரக் கையெழுத்து:
பக்கத்துப் பல்லைப் போல.

பிளாஸ்டர் ஊற்றி, இறுகவிட்டு, கழற்றினேன்.
பக்கத்துப் பல்லின் உள்மூலையில் அரைப்பிறை,
அரிசியில் கால்வாசி இருக்கும்.
கீழ்வரிசையில் அதற்கு நேராக ஒரு முழுப்பிறை.
இடித்து உடைந்ததில்லை. வழவழவென்று தேய்ந்தது.
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
சட்டைப் பொத்தான் தைத்து முடிக்கையில்
நானே செய்வதுதான்.
நூல்.
நாளைக்கு நூறு தரம், இருபது வருஷம்,
கத்தரியைத் தேடும் நேரத்தில் இன்னொரு காஜா எடுத்துவிடலாம் என்று.

மீதி அரைப்பிறை
போன பல்லோடு போயிருந்தது.
அதையும் செய்தேன்.
பீங்கான் பொடியைத் தூரிகையால் ஏற்றி, சூளையில் சுட்டு,
மறுபடி ஏற்றி, மறுபடி சுட்டு,
கடைசியில் நல்ல நுனியை நானே ராவிக் குறைத்தேன்.
ரொவேனா எட்டிப்பார்த்தாள்.
உனக்கு வேலை போதவில்லையா என்றாள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது.
சிவப்பு மையில்: நுனியில் குறை. மறுபடி செய்யவும்.
மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை.
மாதக் கடைசியில் சம்பளம் சொல்லிற்று.

நேரான நுனி வைத்து அனுப்பினேன்.
நல்ல பல். யாருடையதும் இல்லை.

ஆறு வாரம் கழித்து அதே எண்.
பீங்கான் தெறித்திருந்தது,
நான் முதலில் ராவிய இடத்தில்,
ஏறக்குறைய அதே அளவுக்கு.
சீட்டில்: பொருள் பலவீனம்.

மறுபடி பிறை வைத்தேன்.
சீட்டின் ஓரத்தில் நூல் என்று எழுதினேன், ஆங்கிலத்தில்.
பைத்தியம் என்பார்களோ என்று அடித்துவிட்டு
நோயாளியின் தொழிலைக் கேட்கவும் என்று எழுதினேன்.
பதில் வரவில்லை.
பல்லும் வரவில்லை.

இப்போதெல்லாம் பேன்ட் குறைக்கக் கொடுத்தால்
அளவு நாடாவைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறேன்.
ரோலாவில் மூன்று கடை மாறியாயிற்று.
ஒருவர் கத்தரிக்காரர்.
ஒருவர் பாக்கை அடக்கிக்கொண்டு வாயே திறக்கவில்லை.
மூன்றாமவர் நூலை உதடுவரை கொண்டுபோனார்,
நான் பார்ப்பதைப் பார்த்தார்,
கையை இறக்கிக்கொண்டு
பிளேடைத் தேட ஆரம்பித்தார்.