ஓரா முள்

வாலிநோக்கம் துறைமேடையில்
ஆளுக்கொரு யோசனை.

"இறாலை ஓட்டோட மாட்டு, வால் பக்கமிருந்து"
என்றார் சீனி உதுமான்.
ஈயக்குண்டு கனமாம், பெலிக்ஸ் சொன்னான்.
கச்சான் விழுகிறவரை சத்தம் கூடாது என்பதை
பாலுச்சாமி
சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

விலைமீன் எந்தக் கல்லில் கிடைக்கிறதென்று மட்டும்
யாரும் வாய் திறக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
எனக்கும் ஒரு கல் உண்டு.

ஏழரைக்கு என் நரம்பு இழுத்தது.
ஓரா.
இருட்டில் வெறுங்கையால் பிடித்துவிட்டேன்.

விரலிலிருந்து தோள்வரை தீ.
சுண்ணாம்பு தடவு, கையை அசைக்காதே,
ஒண்ணுமில்லை, ஒண்ணுக்குப் போ...
பெலிக்ஸ் பேசவில்லை.
குழம்புக்குக் கொதித்த தண்ணீரை இறக்கி
கடல்நீர் விளாவி
தன் கையை முதலில் விட்டுப் பார்த்து
என் கையை உள்ளே அமுக்கினான்.

அன்றைக்குக் குழம்பில்லை.
புளிப் பொட்டலம் பிரியாமல் கிடக்க
காவோலைத் தணலில்
குத்தின ஓராவையே சுட்டோம்.

சதையை உதிர்த்து
என் இடது கையில் வைத்தபடி
சீனி உதுமான் மெல்லச் சொன்னார்:
"மினாரா மேல
உப்பளத்துத் தொட்டி ஏறி நிக்கும் பாரு,
அந்த இடந்தான் என் கல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இன்னும் வலிக்கிறது என்றேன்.